உள்ளே ஆள் இருக்கிறார்

இல்ல சார், ஒரு மணி நேரமெல்லாம் கெடையாது, அண்ணி சும்மா சொல்றாங்க. அரமணி நேரம் நின்னிருப்பேன். எதுத்தாப்ல அந்த மெடிக்கல் ஷாப்பு நெழல்ல. மேல பால்கனில துணி காயப் போட வந்தாங்க, பாத்துட்டாங்க. பாக்கலன்னா ஒருவேள திரும்பிப் பஸ் ஏறியிருப்பேன். சுங்குவார்சத்திரத்துலேர்ந்து குன்றத்தூர் வரைக்கும் வந்துட்டு மாடி ஏற முடில பாருங்க.

அய்ய, எழுந்துக்காதீங்க. நான் இன்னா கலெக்டரா? அப்டியே சாஞ்சிக்கினு இருங்க. இந்த ஸ்டூல இப்டி இழுத்துக்கறேன். அண்ணி, எனக்கு டீயெல்லாம் வேணாம்... சரி, போட்டே ஆவணும்னா சக்கர கம்மியா.

அடையாளம் தெரியுதில்ல? கோதண்டராமன். நம்ம கார் கம்பெனி பிரஸ் ஷாப்பு, ஏ லைனு. தெரியுதா. சரி சரி. அண்ணி படிக்கட்டுலயே சொன்னாங்க, பேச்சுதான் வரல, காதும் புத்தியும் முன்ன மாதிரியே கீதுன்னு. ஆமான்னா தலைய ஆட்டுவாராம், இல்லன்னா எடது கைய ஆட்டுவாராம், அவ்ளோதான் வித்தியாசம்னு சிரிச்சிக்கினே சொன்னாங்க. சிரிச்சாங்களா அழுதாங்களான்னு நான் திரும்பிப் பாக்கல.

சூப்பர்வைசர் நம்பிராஜன் சாருக்கு லைன்ல வாய்தான் சொத்துன்னு பசங்க சொல்லுவானுங்க. மைக்கே இல்லாம ஷாப்பு பூராக் கேக்கும். ஏலே, ஏலேன்னு உங்க ஊரு பாஷைல. இப்ப பாருங்க.

நாளைக்குக் கோர்ட்டு. தெரியும் உங்களுக்கு. என்னைத்தான் மொதல் ஆளா ஏத்தறாங்க. நான் சொல்றதுலதான் நீங்க உள்ள போறதும் வெளிய இருக்கறதும். சாட்சிக்காரன் எதிரி வூட்ல வந்து டீ குடிச்சிக்கினு கீறான்னு அரசாங்க வக்கீலுக்குத் தெரிஞ்சிது, என்னத் தொலச்சிடுவாரு. ஆனா வந்தேன். மெர்சி குடுத்தனுப்பிச்சிது. தோ, இந்த டப்பால கேக்கு. அவங்களே செஞ்சது. மெர்சின்னா, செத்துப்போன ஜெபகுமாரு சம்சாரம். உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொல்லிச்சி. தெனம் உங்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணுதாம்.

கோவப்படாதீங்க சார். கைய ஏன் அப்டி முறுக்கறீங்க? அது நல்ல மனசோடதான் சொல்லிச்சி. இந்தா, இங்க ஓரமா வெச்சிடறேன். வேணும்னா துன்னுங்க, வேணாம்னா காக்காய்க்குப் போடுங்க.

நாளைக்குச் சொல்றத ஒரு வாட்டி சொல்லிப் பாத்துக்கறேனே. ஜட்ஜம்மாவுக்கு பிரஸ் ஷாப்பு தெரியாது, மொதல்லேர்ந்து சொல்லுங்கன்னு வக்கீல் சொல்லிக்கீறாரு. தப்பா இருந்தா கைய ஆட்டுங்க.

அம்மா, பிரஸ்ஸுன்னா ரெண்டு மாடி ஒசரம். மேல ஒரு டை, அதான் அச்சு, கீழ ஒரு டை, நடுவுல தகடு. ஆயிரம் டன் வெயிட்டு எறங்கும். ஒரே அமுக்கு, தகடு கார் கதவா வெளிய வரும். நிமிசத்துக்குப் பத்து கதவு. அந்த டையில தூசு, துண்டுத் தகடு ஒட்டிக்கும். ஷிஃப்ட்டுக்கு ஒரு வாட்டி ஒருத்தன் உள்ள எறங்கி, மண்டி போட்டு, துணியால தொடைக்கணும். தலைக்கு மேல ஆயிரம் டன் தொங்கும், கீழ அவன் சாமி கும்புடறாப்புல குனிஞ்சிருப்பான்.

அதுக்குத்தான் பூட்டு. செவப்புப் பூட்டு, ஆளுக்கு ஒண்ணு. உள்ள எறங்கறவன் மெயின் சுச்ச அணச்சி, அதுல தன் பூட்டப் போட்டு, சாவியப் பாக்கெட்ல வெச்சிக்கினு எறங்கணும். பூட்டுல அவன் போட்டோ ஒட்டின அட்டை தொங்கும். உள்ளே ஆள் இருக்கிறார்னு எழுதியிருக்கும். அவனே வெளிய வந்து அவனே தொறந்தாதான் மிஷினு ஓடும். மாத்துச் சாவி ஒண்ணே ஒண்ணு, சூப்பர்வைசர் ரூம்ல, கண்ணாடிப் பொட்டில. எவனாவது சாவியத் தொலச்சிட்டான்னா எடுக்க.

சரியா கீதா சார்? சரி.

ஆனா பூட்டு பெர்மனென்ட்டுக்கு மட்டும்தான? கான்ட்ராக்ட்டு ஆளுக்கு ஏது பூட்டு? டை தொடைக்கறது பெர்மனென்ட்டு வேல. பேப்பர்ல அப்டித்தான். எந்தப் பெர்மனென்ட்டு சார் எறங்கினான்? பூட்டு பெர்மனென்ட்டுது, ஒடம்பு கான்ட்ராக்ட்டுது. அதான் நம்ம ஷாப்பு பழக்கம். நீங்க பாத்தும் பாக்காத மாதிரி போவீங்க. பாத்தா லைன் நிக்கும், லைன் நின்னா உங்க மேல வுழுவாங்க. உங்களைக் கொற சொல்லல. நானும் அதுல சொகம் கண்டவன்தான்.

ஜெபகுமாருக்கு இருவத்தேழு வயசு. சர்ச்சுல டிரம்ஸ் வாசிப்பான். லைன்ல கதவு எறங்கற சத்தத்துக்குத் தாளம் போடுவான். ஒருநாள் கேட்டான், அண்ணா, கர்த்தர் திரும்பி வரப்ப பெர்மனென்ட்ட மொதல்ல தூக்குவாரா, கான்ட்ராக்ட்ட மொதல்ல தூக்குவாரான்னு. நான் சொன்னேன், பெர்மனென்ட்ட ஏசி பஸ்ல, உன்ன லாரிலன்னு. வுழுந்து வுழுந்து சிரிச்சான்.

அன்னிக்கு டை தொடைக்கற மொற என்னுது. பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக்கீறேன், உள்ளே செல்பவர் கோதண்டராமன்னு. ஆனா சாயங்காலம் எம்பொண்ணு நிலாவுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா, டான்ஸ் ஆடுது. பஸ்லேர்ந்து எறங்கி அப்டியே போவணும். எண்ணெக் கறையோட போனா புள்ளைங்க முன்னால அதுக்கு அசிங்கம். ஜெபா, நீ எறங்கிடுடான்னேன். என் பூட்டப் போட்டு, சாவியப் பாக்கெட்ல போட்டுக்கினேன். அவன் அட்டையில என் போட்டோவப் பாத்துட்டு, அண்ணா, இதுல நீங்க செவப்பா அழகா கீறீங்க, உள்ள கெடக்கறது நீங்கதான்னு மிஷினு ஏமாந்துடும்னான். எறங்கிட்டான்.

ரெண்டே முக்காலுக்கு ரெண்டாவது ஷிஃப்ட்டு ஆளு வந்தான். சுச்சுல பூட்டு இல்ல. பட்டன அழுத்தினான்.

நான் பஸ்ல கீறேன். பஸ்ஸு இன்னும் கேட்டத் தாண்டல. அவன் கத்தினது எங்களுக்குக் கேக்கல, கத்த ஏது நேரம்? கேட்டது வேற. ஷாப்புல மத்த பிரஸ்ஸெல்லாம் ஒண்ணா நின்னுபோனது கேட்டுச்சி. பதினஞ்சி வருசமா நெஞ்சுல அடிச்சிக்கினே இருந்த சத்தம், திடீர்னு இல்ல. பஸ்ல எல்லாரும் ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்தோம். அப்டியே குதிச்சி ஓடினோம்.

நீங்களும்தான் பாத்தீங்க. அவன எடுத்தோம்னு எஃப்ஐஆர்ல எழுதிக்கீறாங்க. எடுக்கல சார். சொரண்டினோம். டையில கார் கதவு அச்சு கீதே, அதுல கைப்புடி வர்ற பள்ளம், அதுக்குள்ள அவன் வெரலு ரெண்டு. கையொற கூட கெடையாது. நான்தான் எடுத்தேன். சூடா இருந்துச்சி. இன்னிக்கும் சோத்துல கை வெக்கறப்ப சூடு பட்டா எனக்கு அதுதான்.

இத்த ஜட்ஜம்மாகிட்ட சொல்லணுமா வேணாமான்னு தெர்ல.

அப்ப பேப்பர்ல என் பேரு கீதில்ல? அத்தப் பாத்துட்டு சாயங்காலம் செக்யூரிட்டி எம் பொண்டாட்டி லீலாவுக்குப் போன் போட்டுட்டான். உன் புருசன் பிரஸ்ல மாட்டிக்கினாம்மா, தேறாதுன்னு. லீலா ஸ்கூல்ல உக்காந்துகினு கீறா, மேடைல பொண்ணு ஆடிக்கினு கீது. ஒரு மணி நேரம் நான் செத்துட்டேன் சார். வளையல ஒடச்சிட்டா. நான் வூட்டு வாசல்ல போய் நின்னதும், தொடப்பத்த எடுத்து அடி அடின்னு அடிச்சா. எதுக்கு அடிக்கறான்னு அவளுக்கும் தெரில. கீழ வுழுந்து என் காலக் கட்டிக்கினா. கொழந்த மை கலஞ்ச கண்ணோட பாத்துக்கினு நின்னுச்சி.

ஆனா அது ராத்திரி. அதுக்கு முன்னால, மூணரை மணிக்கு, உங்க ரூமு.

பூட்டு எங்க, யாரு தொறந்ததுன்னு கூட்டம் கேட்டுச்சி. எல்லாரும் என்னப் பாத்தானுங்க. எம் பூட்டு போட்டது போட்டபடிதான் இருந்துச்சி, சாவி தோ எங்கிட்டன்னு தூக்கிக் காட்டினேன். அப்ப மாத்துச் சாவி? எவனோ ஒருத்தன் சொன்னான், சாரு ரூம்லதான கீதுன்னு. நான் ஆமான்னேன். ஒரே ஒரு ஆமா. எரநூறு பேரு திரும்பினான்.

கதவ ஒடச்சோம். நீங்க போன்ல ஆம்புலன்சுக்குப் பேசிக்கினு இருந்தீங்க. பேசிக்கினே கைய இப்டி நீட்டினீங்க, இருங்கடா இருங்கடான்னு. சேர், மானிட்டர், எல்லாம் பறந்துச்சி. முடியப் புடிச்சி மேசமேல சாச்சானுங்க. ஒருத்தன் வாயில குத்தினான், பல்லு என் சட்டையில வந்து வுழுந்துச்சி. அப்பறம் கம்பி. டைய நெம்பற கம்பி, எட்டு கிலோ. மொதல் அடி தோள்ல. ரெண்டாவது முட்டில, காஞ்ச மட்டை ஒடயற சத்தம் கேட்டுச்சி. மூணாவது பின்மண்டைல.

அத்தோட நீங்க கத்தறது நின்னுபோச்சி. அப்பறமும் மிதிச்சானுங்க. எதுக்கு மிதிக்கறோம்னு எவனுக்கும் தெரியாது. காலுக்கு ருசி கண்டுபோச்சி, அவ்ளோதான்.

போலீசு கேட்டப்ப, கம்பியால அடிச்சது யாருன்னு தெரியாதுன்னு கைய ஆட்டினீங்களாம். பின்னால இருந்து அடிச்சதால பாக்கல போலன்னு ஏட்டு சொன்னாரு.

நான்தான் சார் அது. மூணு அடியும்.

இன்னா? தலைய ஆட்டறீங்க? தெரியுமா?

மெய்யாலுமே தெரியுமா? எப்டி... ஜன்னல்லயா? ஜன்னல் கண்ணாடில பாத்தீங்களா?

ரெண்டு வருசமாத் தெரிஞ்சிக்கினு, இந்தக் கட்டில்ல கெடந்துகினு... ஏன் சார்? என் பேர ஒரு பேப்பர்ல எடது கையால கிறுக்கியிருந்தா என்ன அன்னிக்கே தூக்கியிருப்பானுங்களே. பூட்டு விசயத்த நீங்க கண்டுக்காம வுட்டதுக்கா? அதுக்கா இவ்ளோ? கண்ண மூடாதீங்க. சொல்லுங்க. ஆமாவா இல்லையா?

சரி. வுடுங்க. கண்ணத் தொடைக்கட்டுமா? துண்டு எங்க... தோ. இருங்க, வாய் ஓரத்துலயும் ஒழுவுது.

அண்ணி, டீ வந்துச்சா, குடுங்க குடுங்க. ஒண்ணுமில்ல அண்ணி, பழைய கத பேசிக்கினு கீறோம். சாருக்கு நானே குடுக்கறேன், ஸ்பூன் வெச்சிட்டுப் போங்க. நீங்க போய் வேலையப் பாருங்க.

மறுபடியும் பிரஸ்ஸ ஓட்டறதுக்கு முன்னால பூஜ போட்டாங்க, நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப. மிஷினு ரத்தம் பாத்துடிச்சி, இனிமே கேட்டுக்கினே இருக்கும்னு சொல்லி, டை மேலயே ஒரு சேவல அறுத்தானுங்க. தல இல்லாம அது பள்ளத்துக்குப் பள்ளம் ஓடுது. மெர்சிகிட்ட போய் இத்தச் சொன்னேன், ஏன் சொன்னேன்னு தெர்ல. அது சொல்லிச்சி, அண்ணா, எங்களுக்கு ஒரே ரத்தம்தான், ஏசுவோடது, அது எப்பவோ சிந்தியாச்சி, எல்லாருக்கும் சேத்து. இனிமே யாரு ரத்தமும் வேணாம்னு. அப்டின்னா ஜெபா ரத்தம் எதுக்கு? சாரு ரத்தம் எதுக்கு? கேக்கணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சி. கேக்கல.

அடக்கத்துல பாஸ்டரு ஒரு மணி நேரம் பேசினாரு. அடுத்தவன் எடத்துல, அடுத்தவன் பேர்ல போய் இவன் செத்தான், ஏசு மாதிரின்னு. பேப்பர்ல என் பேரு இருந்தது ஊருக்கே தெரிஞ்சிபோச்சில்ல. எல்லாரும் என்னப் பாத்து அழுவறாங்க. என் கையப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கறாங்க. மெர்சி சொல்லிச்சி, அண்ணா, உங்க உசுரு சும்மா வந்தது இல்ல, அவரு ரத்தத்தால வாங்கினது, வீணாக்காதீங்கன்னு. அதுலேர்ந்து ஞாயித்துக்கெழம தவறாம எங்க வூட்டுக்கு வரும். என்னப் பாத்துட்டுப் போவும். வேற ஒண்ணும் வேணாம், பாத்தாப் போதும் அதுக்கு.

குடிய வுட்டேன் சார். லீலா மேல கை வெக்கறது வுட்டேன். கான்ட்ராக்ட்டு ஆளுங்களுக்கும் பூட்டு குடுத்தாத்தான் வேலன்னு கேட்டுல உக்காந்து வாங்கிக் குடுத்தேன். போன பெரிய வெள்ளிக்குச் சர்ச்சுல மூணு மணி நேரம் முட்டி போட்டேன், நெத்தில விபூதியோடவே. யாரும் ஒண்ணும் சொல்லல. இந்த ரெண்டு வருசம்தான் நான் மனுசனா இருந்தேன். கொடும இன்னான்னா மெர்சி சொன்னது வேலை செய்யுது. பொய்யா இருந்தாலும் வேலை செய்யுது.

ஏன்னா பாஸ்டரு சொல்றாரு, ஏசு தெரிஞ்சே போனாரு, யாரும் புடிச்சித் தள்ளல, தானா போனாருன்னு. அதான் பலின்றாரு. ஜெபா எங்க தெரிஞ்சி போனான்? எறங்குடான்னேன், எறங்கினான். தெரியாமப் போனா அது பலி இல்ல, கொலை. இல்லையா? எங்க ஊர்ல கெடா வெட்டுவாங்க. சும்மா எடுத்ததும் வெட்ட மாட்டாங்க. மஞ்சத் தண்ணி தெளிச்சிட்டு, கத்தியோட காத்துக்கினு நிப்பாங்க. கெடா ஒடம்ப ஒரு துலுக்குத் துலுக்கி, தலைய ஆட்டணும். ஆட்டிச்சின்னா ஒத்துக்கினுச்சின்னு அர்த்தம், அப்பறம் வெட்டினவன் மேல பாவம் இல்ல. ஆட்டலன்னா மறுபடியும் தண்ணி. காதுல ஊத்துவாங்க.

இந்தாங்க, வாயத் தொறங்க, டீ ஆறுது. மெதுவா. பூட்டத் தொறந்தது நான்தான் சார். சிந்திடிச்சி பாருங்க, இருங்க தொடைக்கறேன்.

பஸ்ஸுக்கு நேரம் ஆயிடிச்சின்னு ஓடியாறேன். டீ வாங்கற எடத்துல நீல ஹெல்மெட்டு ஒண்ணு எனக்கு முதுகக் காட்டிக்கினு நின்னுச்சி, அதே ஒசரம். ஜெபா வெளிய வந்துட்டான்னு நெனச்சேன். கான்ட்ராக்ட்டு ஹெல்மெட்டு எல்லாம் ஒரே நீலம், பேரு கெடையாது, நமக்கு மட்டும்தான பேரு ஒட்டிக்கீறாங்க. டேய் ஜெபான்னு ஒரு கொரல் குடுத்திருக்கலாம். குடுக்கல. பூட்டத் தொறந்து சோத்துப் பையில போட்டுக்கினேன். பஸ்ல உக்காந்தப்ப டப்பா மேல பட்டுக் கடகடன்னுச்சி. அப்பறம் அந்த நீல ஹெல்மெட்டு திரும்பினத பஸ் ஜன்னல் வழியாப் பாத்தேன். அது வேற ஆளு. பஸ்ஸ நிறுத்துங்கன்னு கத்த வாயத் தொறக்கறேன், பிரஸ்ஸெல்லாம் நின்னுச்சி.

உங்க ரூம்ல மாத்துச் சாவி இருந்த கண்ணாடிப் பொட்டிய ஒடச்சதும் நான்தான். கூட்டம் உங்கள அடிக்கறப்ப கையாலயே குத்தினேன். முழுசா இருந்துச்சின்னா சாவி உள்ளதான் கீதுன்னு தெரிஞ்சிடுமில்ல. கேமரா? கேமராவ எங்க வெச்சாங்க? கக்கூசு வாசல்ல. எவன் எத்தினி நிமிசம் உள்ள கீறான்னு பாக்க.

நாளைக்கு உண்மையச் சொன்னேன்னா நான் உள்ள போவேன், அது வுடுங்க. மெர்சிக்கு அவ புருசன் ரெண்டாவது வாட்டி சாவான். ஏசு மாதிரி செத்தான்னு புடிச்சிக்கினுதான் அது நடமாடுது. கோதண்டராமன் அண்ணன் டீ வாங்கற எடத்துல ஒரு ஹெல்மெட்டப் பாத்து ஏமாந்ததுல செத்தான்னு எப்டி சார் சொல்றது? மாத்துச் சாவியால தொறந்தது நீங்கன்னு பொய் சொன்னேன்னா, உள்ள போறது நீங்க. எப்டியும் நீங்க கட்டில்லதான் கெடக்கறீங்க... பாத்தீங்களா, எவ்ளோ அசிங்கமான வாய் இது. ஆனா அத்தக் கேக்கத்தான் வந்தேன். அரமணி நேரம் கீழ நின்னது அதுக்குத்தான்.

அன்னிக்கு வாங்கின அடி தெரியாம வாங்கினது. இப்ப எல்லாம் தெரியும் உங்களுக்கு. ஒத்துக்கினு நீங்க உள்ள போனீங்கன்னா என் மேல பாவம் இல்ல. இல்லன்னா கைய ஆட்டுங்க, நாளைக்குப் பத்து மணிக்குக் கூண்டுல ஏறி உள்ளதச் சொல்லிடறேன். இவ்ளோ நேரம் நான் பேசினது கத இல்ல சார். தண்ணி. உங்க மேல தண்ணி தெளிச்சிக்கினு உக்காந்துகினு கீறேன்.

சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல.

சார்?

ஏன் அப்டிப் பாக்கறீங்க? அழுவறீங்களா? நான்தான் அழுவறேனா...

இல்ல. வேணாம். நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கழுத்த அசைக்காதீங்க. இதோ, இந்தக் கை, எடது கை, இத்த ஆட்டுங்க. நான் வேணும்னா புடிச்சிக்கறேன், லேசா ஆட்டுங்க போதும். ஆட்டுங்க சார். தலைய வேணாம். தலைய ஆட்டாதீங்க. அண்ணி! அண்ணி, இங்க வாங்க, இவரு தலையக் கொஞ்சம் புடிச்சிக்கங்களேன்...

யோவ், ஆட்டாதய்யா.